பல்ப்பர் ஷாஃப்ட் ஒரே இடத்தில் உடைகிறது: எந்த மென்பொருள் வாங்குவது, மெஷ் மாற்றினால் விடை ஏன் மாறுகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரி_பட்டறை

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். சுற்றுவட்டார மாங்கூழ் ஆலைகளின் பல்ப்பர் (பழத்திலிருந்து கூழைப் பிரிக்கும் இயந்திரம்), கன்வேயர் போன்ற இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், தேய்ந்த பாகங்களுக்குப் பதிலாகப் புதியவற்றைச் செய்து கொடுப்பதும் எங்கள் தொழில். வரைபடங்களை ஆட்டோகேடில் இரு பரிமாணத்திலேயே போடுகிறோம். விட்டம், நீளம் எல்லாவற்றையும் பெரும்பாலும் பழைய பாகத்தை அளந்தே முடிவு செய்கிறோம்.

ஒரு ஆலையில் உள்ள பல்ப்பரின் ஷாஃப்ட், பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் வாரங்களில், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைகிறது. ஷாஃப்ட் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு. மோட்டார் 15 குதிரைத்திறன், அதாவது 11 கிலோவாட். வி-பெல்ட் வழியாக ஷாஃப்ட் நிமிடத்துக்கு 400 சுற்று சுழல்கிறது. ஷாஃப்டில் உள்ள புல்லியின் விட்டம் 450 மி.மீ. பேரிங் அமரும் இடம் 45 மி.மீ.; அதற்கு வெளியே விட்டம் 35 மி.மீ. ஆகக் குறைந்து, அங்கே புல்லி அமர்கிறது. அந்தப் படியிலிருந்து புல்லியின் நடுக்கோடு வரை 130 மி.மீ. உடைவது எப்போதும் 45-க்கும் 35-க்கும் இடையில் உள்ள அந்தப் படியின் மூலையில்தான்.

பொறியியல் படிக்கும் உறவினர் ஒருவர் இதை ஃப்ரீகேடில் முப்பரிமாணத்தில் வரைந்து, பெல்ட் இழுவையைக் கொடுத்துத் தகைவுப் பகுப்பாய்வு (எந்த இடத்தில் எவ்வளவு விசை குவிகிறது என்ற கணக்கு) செய்து காட்டினார். முதலில் வந்த அதிகபட்சத் தகைவு ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல். 304-இன் ஈல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, 205 என்பதால் இருமடங்கு பாதுகாப்பு இருக்கிறது என்றார். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பாகத்தை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை, பொடியாக்கிப் பார்த்தபோது அந்த எண் 160-ஐத் தாண்டியது. இன்னும் பொடியாக்கினால் இன்னும் ஏறுகிறது. இலவச மென்பொருள் என்பதால்தான் இப்படி என்று சொல்லி, ஆண்டுச் சந்தா கட்டும் ஒரு பெரிய மென்பொருளை வாங்கச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர்.

என் கேள்விகள் இரண்டு. எங்களைப் போன்ற சிறு பட்டறைக்கு உண்மையில் எந்த மென்பொருள் தேவை? மெஷ் மாறும்போதெல்லாம் விடையும் மாறுகிறது என்றால் எந்த எண்ணை நம்பி ஷாஃப்டைக் கடைவது?

பதில் 1: ஓசூர்_வடிவமைப்பு

ஐயா, இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள் இருக்கிறது.

உள்மூலையைக் கூராக வரைந்த மாதிரியில், மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்கத் தகைவு எல்லையின்றி ஏறத்தான் செய்யும். ஆரமே இல்லாத உள்மூலைக்குக் கணிதத்தில் முடிவான தகைவு மதிப்பு கிடையாது என்பதால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் இதே கதைதான். ஆனால் உங்கள் ஷாஃப்டில் அந்த மூலை முற்றிலும் கூராக இருக்காது. கடைசல் இன்சர்ட்டின் முனை ஆரம், 0.4 அல்லது 0.8 மி.மீ., அங்கே பதிந்திருக்கும். அந்த ஆரத்தை மாதிரியிலும் வரைந்து, வளைவின் மேல் பல எலிமென்ட்கள் விழும்படி அந்த இடத்தில் மட்டும் மெஷ்ஷைப் பொடியாக்கினால், எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும். அதுவரை விடைப் படத்தில் சிவப்பு நிறத்துக்குப் பக்கத்தில் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

அதைவிட முக்கியமானது, வந்த எண்ணை ஈல்டு வலிமையோடு ஒப்பிட்டதுதான் தவறான ஒப்பீடு. பெல்ட் இழுக்கும் திசை மாறுவதில்லை, ஆனால் ஷாஃப்ட் சுழல்கிறது. ஆகவே அதன் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்குள் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. 400 சுற்று என்றால் மணிக்கு 24,000 முறை. சீசனில் இரவு பகலாக ஓடும் இயந்திரம் 42 மணி நேரத்திலேயே 10 லட்சம் முறையைக் கடந்துவிடும். இப்படிப்பட்ட பாகம் ஈல்டு வலிமைக்கு வெகு கீழேயே உலோக அயர்ச்சியால் உடையும். உடைந்த முகத்தைக் கழுவிப் பாருங்கள்: விளிம்பிலிருந்து உள்நோக்கி, குளத்து நீர் வற்றும்போது கரையில் படியும் கோடுகளைப் போல வழவழப்பான வளைகோடுகளும், நடுவிலோ ஒரு பக்கமாகவோ சொரசொரப்பான சிறு பகுதியும் தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

கணக்கை ஒரு தாளிலேயே போட்டுவிடலாம். 9550-ஐக் கிலோவாட்டால் பெருக்கி நிமிடச் சுற்றால் வகுத்தால் டார்க் (முறுக்குத்திறன்) வரும். உங்களுக்கு 263 நியூட்டன் மீட்டர். அதைப் புல்லியின் ஆரமான 0.225 மீட்டரால் வகுத்தால், பெல்ட்டின் இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1,170 நியூட்டன். வி-பெல்ட்டில் ஷாஃப்டை வளைக்கும் மொத்த இழுவையை இதைப் போல இருமடங்கு என்று எடுப்பது பாதுகாப்பான வழக்கம். 2,300 என்று வையுங்கள். 130 மி.மீ. தொலைவுக்கு, படியின் மூலையில் வளைக்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர். 35 மி.மீ. விட்டத்தில் அது தரும் வளைவுத் தகைவு 71 மெகாபாஸ்கல். முறுக்குத் தகைவையும் சேர்த்தால் 90 வரும். உங்கள் உறவினருக்கு முதலில் வந்த 100-க்கு இது பக்கத்தில்தான் இருக்கிறது. அவருடைய சுமை சரி, மாதிரியும் பெரும்பாலும் சரி.

இனி அயர்ச்சிக் கணக்கு. 304-இன் இழுவலிமை 515 மெகாபாஸ்கல். எஃகின் அயர்ச்சி வரம்பை (எத்தனை முறை மாறி மாறி வந்தாலும் தாங்கும் தகைவை) அதில் பாதி என்று தொடங்கி, கடைந்த மேற்பரப்பு, விட்டம், நம்பகத்தன்மை ஆகியவற்றுக்கான குறைப்புகளைப் போட்டால் 150 அளவில் வந்து நிற்கிறது. ஆரம் விட்டத்தில் 50-இல் ஒரு பங்காக, அதாவது உங்களுக்கு 0.7 மி.மீ. அளவில் இருந்தால், மூலையின் தகைவுக் குவிப்புக் காரணியை (அங்கே தகைவு எத்தனை மடங்கு கூடுகிறது என்ற எண்ணை) 2.7 என்று முதற்கணக்குக்கு எடுப்பார்கள். 71-ஐ 2.7-ஆல் பெருக்கினால் 190-க்கு மேல். 150 தாங்கும் இடத்தில் 190 வருகிறது; உடையாமல் இருந்தால்தான் வியப்பு. அதே மூலையில் ஆரத்தை 3.5 மி.மீ. ஆக்கினால் காரணி 1.7-க்கு இறங்கி, தகைவு 121 ஆகிவிடும். பிழைக்கும், ஆனால் கைவசம் அதிகம் இல்லை. படியையே எடுத்துவிட்டு 45 மி.மீ. விட்டத்தைப் புல்லி வரை நேராகக் கொண்டுபோனால், அதே இடத்தில் வளைவுத் தகைவு 33 மட்டுமே.

ஆகவே முதல் கேள்விக்கு: இந்த வேலைக்கு உங்களுக்குத் தேவை ஒரு கணக்குத் தாள். லிப்ரேஆபீஸ் போன்ற இலவச அட்டவணைச் செயலியில் மேலே உள்ள வரிகளை ஒருமுறை போட்டு வைத்தால், அடுத்த ஷாஃப்டுக்கு எண்களை மட்டும் மாற்றினால் போதும். ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் உள்ள ஷாஃப்ட் ஜெனரேட்டரும், கிஸ்சாஃப்ட் போன்ற இயந்திர உறுப்புக் கணிப்பு மென்பொருள்களும் இந்த வகைக் கணக்கையே இன்னும் விரிவாகச் செய்கின்றன. கியர்பாக்ஸ் வடிவமைப்பவருக்கு அவை பணத்துக்கு மதிப்புள்ளவை.

பதில் 2: சூளகிரி_கடைசல்

மேலே சொன்ன 3.5 ஆரத்தைக் கடைவது எளிது. ஆனால் புல்லி ஹப்பின் துளை விளிம்பில் 4 மி.மீ. சேம்பர் (விளிம்புச் சரிவு) போடாமல் அடித்து ஏற்றினால், ஹப் அந்த வளைவின் மேலேயே ஏறி உட்கார்ந்து, புல்லியும் கோணலாகும், ஷாஃப்டிலும் வடு விழும். சேம்பர் போட ஹப்பில் இடம் இல்லையென்றால், ஒரு பக்கம் சரிவு கடைந்த ஸ்பேசர் வளையத்தை இடையில் போடுங்கள். கிரைண்டிங் கல் படுவதற்காக மூலையில் பள்ளம் வெட்டும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இந்த ஷாஃப்டில் அதை அனுமதிக்க வேண்டாம். ஆரத்தைக் கடைந்த பிறகு எமெரி தாளால் மெருகேற்றி, டூல் கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படாதவாறு செய்தால் ஆயுள் கூடும்.

பதில் 3: தருமபுரி_விரிவுரையாளர்

கணக்குத் தாள் போதும் என்ற கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். நேரான ஷாஃப்டுக்கு அது போதும். நாளை இதே பட்டறைக்குப் பல்ப்பரின் பேடில் தாங்கியோ, பற்றவைத்த சட்டமோ வந்தால், தாளில் சூத்திரம் இருக்காது. அங்கே பகுப்பாய்வு மென்பொருள் இல்லாமல் நகர முடியாது. அதைப் பழகுவதற்கு, விடை முன்கூட்டியே தெரிந்த இந்த ஷாஃப்டைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

ஃப்ரீகேட் பற்றி விற்பனையாளர் சொன்னது நியாயம் இல்லை. அதன் பகுப்பாய்வுப் பகுதியில் வழக்கமாகக் கணக்குப் போடுவது கால்குலிக்ஸ் என்ற தீர்வி; ஜெர்மனியின் எம்டியு விமான எஞ்சின் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்கள் இருவர் உருவாக்கி, மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0-இல், ஒரு முகத்தைத் திருத்தினால் அடுத்தடுத்த வேலைகளெல்லாம் குலைந்துபோகும் நெடுநாள் தொல்லை பெருமளவு குறைந்தது, பாகங்களைக் கோக்கும் அசெம்பிளிப் பகுதியும் உள்ளேயே வந்துவிட்டது. ஒரு ஷாஃப்டைக் கணக்கிடச் சாதாரண மேசைக் கணினி போதுமானது.

உங்கள் உறவினரிடம் சரிபார்க்கச் சொல்ல வேண்டியவை உண்டு. பேரிங் அமரும் முகத்தை அவர் முழுவதுமாகப் பிடித்து நிறுத்தியிருந்தால், மாதிரியில் ஷாஃப்ட் சுவரில் புதைத்த கம்பியாகிவிடும். யூசிபி வகை பேரிங் தன் கூட்டுக்குள் சற்றுச் சாய்ந்து கொடுக்கக்கூடியது. ஆகவே அது ஷாஃப்டைத் தாங்குமே ஒழிய, வளையாமல் தடுக்காது. இந்த வேறுபாட்டால் படியின் மூலையில் உள்ள தகைவு பெரிதாக மாறாது, ஏனெனில் அது பேரிங்குக்கு வெளியே தொங்கும் பகுதி. ஆனால் புல்லி எவ்வளவு கீழிறங்குகிறது என்ற விடையும், இரு பேரிங்குகளுக்கு இடைப்பட்ட தகைவும் முற்றிலும் தவறாகிவிடும். எலிமென்ட் வகை இரண்டாம் படி, அதாவது பத்துக் கணுக்கள் கொண்ட நான்முகியாக இருக்கட்டும். நான்கு கணுக்கள் கொண்டது வளைவில் விறைப்பாக நடந்துகொண்டு தகைவைக் குறைத்துக் காட்டும்.

விடை வந்ததும் நிறங்களைப் பார்ப்பதற்கு முன், பேரிங்குகளில் வரும் எதிர்விசைகளைக் கூட்டி, அது நீங்கள் கொடுத்த சுமைக்குச் சமமா என்று பாருங்கள். பிறகு மூலையிலிருந்து விட்டத்தின் அளவு தள்ளி, புல்லி இருக்கும் பக்கமாக ஒரு வெட்டுமுகத்தை எடுத்து, அங்கே காட்டும் வளைவுத் தகைவைத் தாளில் போட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். படியிலிருந்து 35 மி.மீ. தள்ளினால் எஞ்சும் தொலைவு 95 மி.மீ.; தகைவு 52 அளவில் வர வேண்டும். அங்கேயே பொருந்தாத மாதிரியில் மூலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்னொரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீகேடுக்குள்ளேயே ஓர் அட்டவணைத் தாள் இருக்கிறது. விட்டம், படியின் ஆரம், கீவே (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் கீ அமரும் பள்ளம்) அகலம் ஆகியவற்றை அந்தத் தாளின் கட்டங்களோடு இணைத்துவிட்டால், எண்ணை மாற்றியவுடன் மாதிரியும் வரைபடமும் சேர்ந்து மாறும். அளவுகளுக்கு இடையிலான உறவுகளைக் கணினியே காத்துக்கொள்ளும் எண்ணம் 1963-இல் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே இருந்தது. தொழிற்சாலைகளுக்கு அது பரவலாக வந்து சேர்ந்தது 1980-களின் இறுதியில், ப்ரோ-இன்ஜினியர் வழியாக. இன்று அது காசில்லாமல் கிடைக்கும்போது, பட்டறைகள் இன்னும் இரு பரிமாணக் கோடுகளில் நிற்பது எனக்கு வருத்தம்தான்.

பதில் 4: எஸ்பிஎம்_ஓசூர்

இலவசத்தின் பக்கமே எல்லோரும் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் வாகன உதிரிபாக ஆலைகளுக்குச் சிறப்பு இயந்திரங்கள் செய்கிறேன். சிப்காட்டில் உள்ள வாடிக்கையாளர்கள் பலர் சாலிட்ஒர்க்ஸ் அல்லது என்எக்ஸ் கோப்பையே கேட்கிறார்கள். பொதுவான ஐஜிஎஸ், ஸ்டெப் வடிவக் கோப்புகளில் வடிவம் மட்டும் போகும், அதை உருவாக்கிய வரிசை போகாது. நானூறு, ஐந்நூறு பாகங்கள் கொண்ட இயந்திரத்தில் போல்ட் பட்டியலும், பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்ற சோதனையும், வரைபடத் திருத்தங்களும் காசு கொடுத்த மென்பொருளில் கணிசமாக விரைவாக நடக்கின்றன. அந்த நேரத்துக்குத்தான் நான் பணம் கட்டுகிறேன். மாங்கூழ் ஆலைக்குக் காகித வரைபடம் போதும் என்றால் உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஒன்றை மட்டும் தவிருங்கள். மாணவர் உரிமத்தையோ தனிநபர் பயன்பாட்டு உரிமத்தையோ வைத்துக் கூலி வேலைக்கு வரைபடம் போடக் கூடாது. உடைத்த பிரதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வாடிக்கையாளர் தணிக்கையில் அது வெளிப்பட்டால் ஆர்டரே போய்விடும்.

கிருஷ்ணகிரி_பட்டறை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடைந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து உள்ளே போகும் வளைகோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மூலையில் ரேடியஸ் கேஜ் வைத்தால் 1 மி.மீ. இலைகூட உட்காரவில்லை.

45-ஐ நேராகக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால் ஒரு தடை இருக்கிறது. இப்போதுள்ள வார்ப்பிரும்புப் புல்லியின் ஹப் வெளிவிட்டம் 65 மி.மீ. மட்டுமே. துளையை 45 ஆக்கி, அதற்குரிய 14-க்கு 9 கீயின் பள்ளம் ஹப்பில் 3.8 மி.மீ. போனால், மிஞ்சும் சுவர் 6.2 மி.மீ. தான். ஆகவே கணக்குத் தாளில் வேறொரு வழியைப் போட்டுப் பார்த்தேன். புல்லி இருக்கையை 40 மி.மீ. ஆக்குவது, 12-க்கு 8 கீ, ஹப்பில் 9 மி.மீ. சுவர் மிஞ்சும். கூடவே, பெல்ட் கார்டை மாற்றி, மோட்டாரின் சறுக்குப் பலகையையும் நகர்த்தி, புல்லியை 40 மி.மீ. உள்ளே தள்ளினால், 130 என்பது 90 ஆகிறது. மூலையில் வளைவுத் தகைவு 33 என்று வருகிறது. படி 2.5 மி.மீ. மட்டுமே உயரம் என்பதால் ஆரம் 2-க்கு மேல் போட முடியவில்லை. இது போதுமா? மேலும், 304-க்குப் பதிலாக இஎன் 24 என்ற கலப்பு எஃகைப் போடச் சொல்கிறார் ஆலை மேலாளர், அதையும் கேட்கிறேன்.

ஓசூர்_வடிவமைப்பு

போதும். 40 மி.மீ. விட்டத்துக்கு 2 மி.மீ. ஆரம் என்றால் காரணியை 2 என்று வைத்துக்கொள்ளலாம், 66 மெகாபாஸ்கல். தாங்கும் அளவு 150 என்பதால் இரண்டுக்கு மேல் பாதுகாப்பு இருக்கிறது, அதில் விட்டத்தைக் கூட்டியதைப் போலவே புல்லியை உள்ளே தள்ளியதற்கும் கணிசமான பங்கு உண்டு. கீயையும் சரிபார்த்துவிட்டேன்: 263 நியூட்டன் மீட்டருக்கு, 20 மி.மீ. ஆரத்தில் 13,100 நியூட்டன் வருகிறது. கீயின் நீளம் 50 மி.மீ. இருந்தால் வெட்டுத் தகைவு 22, நசுக்குத் தகைவு 66, கவலை இல்லை. கீவேயின் உள்முனை படியின் மூலைக்கு மிக அருகில் வராமல், குறைந்தது 10 மி.மீ. தள்ளி முடியட்டும். இரண்டு குவிப்புகள் ஒரே இடத்தில் சேரக் கூடாது.

இஎன் 24 வேண்டாம். அதன் வலிமை கூடுதல்தான், ஆனால் அது துருப்பிடிக்கும். மாங்கூழின் புளிப்பும், கழுவும் குளோரின் நீரும் படும் இடத்தில் துருக்குழி விழுந்தால், அங்கிருந்து விரிசல் தொடங்கி, ஏட்டில் உள்ள அயர்ச்சி வரம்பு பயனற்றுப் போகும். கூழ் தொடும் ஷாஃப்டாகையால் உணவுப் பாதுகாப்பு ஆய்வில் அது வேறு கேள்வியையும் எழுப்பும். ஷாஃப்ட் வளைந்து கொடுப்பது குறையும் என்று அவர் எண்ணியிருந்தால் அதுவும் நடக்காது. எந்தத் தர எஃகாயினும் மீட்சிக் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும்.

இத்தனை கணக்கும் 2,300 நியூட்டன் என்ற ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. சீசனில் பெல்ட் வழுக்கினால், ஆபரேட்டர் மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து, பெல்ட் கம்பி போல விறைக்கும் வரை போல்ட்டை முறுக்குவது பல ஆலைகளில் நடப்பதுதான். அப்போது இழுவை இதைவிட வெகுவாக ஏறிவிடும், எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. பெல்ட் நிறுவனத்தின் அட்டவணையில் உங்கள் பெல்ட் பிரிவுக்கு எவ்வளவு விசைக்கு எவ்வளவு தாழ வேண்டும் என்று இருக்கும். ஒரு சுருள்வில் தராசும் அளவுகோலும் வைத்து அதைப் பார்த்து இறுக்கச் சொல்லி, அந்த எண்ணைப் புதிய பெல்ட் கார்டின் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். வழுக்கல் அதற்குப் பிறகும் தொடர்ந்தால், இறுக்குவதற்குப் பதிலாகப் புல்லியில் ஒரு பள்ளமும் பெல்ட்டில் ஒன்றும் கூட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.